கோணல் சதுரங்கள்

போன ஜூன் மாதம், சிட்னியில் குளிர் நன்றாகப் பிடித்திருந்த ஒரு சனிக்கிழமை மாலை, எங்கள் வாலிபர் கூடுகையில் ஒன்பது பேர் முதல்முறையாகக் குரோஷா ஊசியைக் கையில் எடுத்தோம். அதுவரை எங்களில் பலருக்குப் பொத்தான் தைக்கக்கூடத் தெரியாது.

'ராப் வித் லவ்' என்ற அமைப்பை சோனியா கிட்லி-கிங் என்ற பெண்மணி 1992-இல் இங்கே சிட்னியில் தொடங்கினார். 25 சென்டிமீட்டர் சதுரங்கள் 28 பின்னி, நான்கு நான்காக ஏழு வரிசை இணைத்தால் ஒரு போர்வை. குளிரில் வாடுகிறவர்களுக்கு அதை அனுப்புகிறார்கள். ஆளுக்கு மூன்று நான்கு பின்னினால் இரண்டு வாரத்தில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டோம்.

சங்கிலிக் கண்ணி அன்றைக்கே வந்துவிட்டது. அடுத்ததில்தான் குழப்பம். வீடியோவில் ஓர் அமெரிக்கப் பெண் 'டபுள் குரோஷே' சொல்லிக் கொடுத்தார். எங்கள் கையில் இருந்த ஆஸ்திரேலியப் புத்தகத்திலும் அதே பெயர். ஆனால் அவர் போட்டது உயரமான கண்ணி, புத்தகத்தில் இருந்ததோ குட்டையான கண்ணி. அமெரிக்கர் 'டபுள்' என்பதை இங்கே 'ட்ரெபிள்' என்கிறார்கள் என்பது புரியவே ஒரு மாலை போய்விட்டது.

அதன்பின் எங்கள் சதுரங்கள் முக்கோணங்களாகத் தொடங்கின. 40 கண்ணியில் ஆரம்பித்தால், மேலே போகப் போக 31 ஆகிவிடும். எங்கே தொலைகிறது என்று தெரியவில்லை. “இல்லாதவர்களுக்குத்தானே, இது போதும். இழுத்துத் தைத்துவிடலாம்” என்று பேசிக்கொண்டோம்.

அந்தச் சமயம் எங்கள் சபையில் ஒரு பாட்டி இருந்தார். மகள் வீட்டுக்கு நாகர்கோவிலிலிருந்து விசிட்டர் விசாவில் வந்தவர். ஆராதனை முடிந்ததும் “தோத்திரம் பாட்டி” என்று சொல்லிவிட்டு நழுவிவிடுவோம். எங்கள் தமிழ் திக்கும் என்ற வெட்கம். அன்று அவரே வந்து உட்கார்ந்தார். ஒரு சதுரத்தை விரித்துப் பார்த்துவிட்டு, எங்களிடம் கேட்காமலே சரசரவென்று பிரித்தார்.

“இல்லாதவங்களுக்குக் குடுக்கதுன்னா கோணலா இருக்கலாமா மக்ளே?”

யாருக்கும் பதில் வரவில்லை.

பிறகு பொறுமையாகக் காட்டினார். வரிசையைத் திருப்பும்போது போடுகிற மூன்று சங்கிலியும் ஒரு கண்ணிக்குச் சமம். அடுத்த வரிசை முடிவில் அதன் தலையிலும் ஊசியை விட வேண்டும். நாங்கள் அதைத்தான் ஒவ்வொரு தடவையும் விட்டுக்கொண்டிருந்தோம். “எண்ணிப் பாக்கணும். எண்ணாம விட்டா ஒண்ணு ஒண்ணாப் போயிரும்” என்றார்.

பின்னிக்கொண்டே தம் ஊர்க் கதையும் சொன்னார். 1820-களில் மிஷனெரியின் மனைவி மார்த்தா மால்ட் அம்மையார் நாகர்கோவிலில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தி, லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். இது குரோஷா அல்ல. தலையணையில் ஊசி குத்தி, நூல் சுற்றிய குச்சிகளை மாற்றி மாற்றிப் பின்னும் வேலை. அன்றைய திருவிதாங்கூரில் அடிமைத்தனம் இருந்தது. லேஸ் விற்ற காசில் தங்களை மீட்டுக்கொண்ட பெண்களும் உண்டு. அம்மையாரின் மகள் எலைசா, கால்டுவெல் ஐயரை மணந்து இடையன்குடிக்குப் போய், அங்கும் அதே வேலையைக் கற்றுக்கொடுத்தார்.

“எங்க அம்மையும் லேஸ் பின்னித்தான் எங்களப் படிக்க வச்சா” என்றார் பாட்டி. எங்களுக்குப் பொழுதுபோக்காக இருந்த நூல், அந்தப் பெண்களுக்கு விடுதலையாகவும் சாப்பாடாகவும் இருந்திருக்கிறது. அதைக் கேட்டபின் “இது போதும்” என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. கோணலாக இருந்த எல்லாவற்றையும் நாங்களே பிரித்தோம். குரோஷாவில் ஒரு நன்மை: பிரித்தாலும் நூல் வீணாவதில்லை.

ஆகஸ்டில் பாட்டியின் விசா முடிந்தது. அவர் புறப்பட்டபோது 17 சதுரங்கள்தான் ஆகியிருந்தன. மீதி 11-ஐ வீடியோ காலில் அவரிடம் காட்டிக் காட்டிப் பின்னினோம். “விளிம்பக் காட்டு மக்ளே” என்பார். காட்டுவோம். திக்கித் திக்கியாவது தமிழில் பேசுவோம். இப்போது அந்த வெட்கம் இல்லை.

இரண்டு வாரம் என்று நினைத்த போர்வை அக்டோபரில்தான் முடிந்தது. யோப்பாவில் தொற்காள் மரித்தபோது, விதவைகள் அவள் செய்துகொடுத்த வஸ்திரங்களைப் பேதுருவிடம் அழுதுகொண்டே காட்டினார்கள் என்று அப்போஸ்தலர் 9-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். ஏனோதானோ என்று தைத்திருந்தால் அப்படி எடுத்துக் காட்டியிருப்பார்களா?

அடுத்த போர்வையைத் தொடங்கியிருக்கிறோம். ஒரு 4 மில்லிமீட்டர் ஊசியும் 8 பிளை உல்லன் நூலும் கொண்டு நீங்களும் வாருங்கள். உங்கள் வீட்டில் பாட்டி இருந்தால், அவர்களையும் கூட்டி வாருங்கள்.