நீண்ட மூக்கும் சின்னக் கண்ணும்

கமரா வாங்கப் போகின்றேன், எது நல்லது என்று கேட்டு எனக்கு வரும் மின்னஞ்சல்கள் இன்னும் நின்றபாடில்லை. கைத்தொலைபேசியே கமராவாகிவிட்ட இந்தக் காலத்திலும் பறவை பார்ப்பவர்களும், கிரிக்கெட் மைதானத்தின் கடைசி வரிசையில் அமர்பவர்களும், தேர்த் திருவிழாவைச் சனத்துக்கு வெளியே நின்று எடுக்க விரும்புகின்றவர்களும் 'சுப்பர்சூம்' எனப்படும் நீண்ட மூக்குக் கமராக்களைத்தான் விசாரிக்கின்றார்கள். எத்தனை மடங்கு சூம், எத்தனை மெகாபிக்சல் என்பதைக் கடைக்காரர் சொல்லிவிடுவார். அவர் சொல்லாமல் விடுவதை நான் எழுதுகின்றேன்.

இக்கமராக்களின் மூக்கு பெரிது. கண்ணோ மிகச் சிறிது. 2005இல் வந்த கனொன் எஸ்2 ஐ.எஸ். 12 மடங்கு சூம் கொண்டது, 5 மெகாபிக்சல். 2015இல் வந்த நிக்கோன் பி900 83 மடங்குக்கும், 2018இல் வந்த பி1000 125 மடங்குக்கும் போயின. மெகாபிக்சலும் 16 ஆகிவிட்டது. பதின்மூன்று ஆண்டுகளில் மூக்கு பத்து மடங்கு நீண்டதே தவிர, உள்ளே ஒளியை ஏற்கும் சென்சர் ஏறக்குறைய அதே அளவில்தான் இருந்தது. பி1000 கமராவில் அது சுமார் 6.2க்கு 4.6 மில்லிமீற்றர், சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. நாங்கள் பாவித்த பிலிம் சுருளின் ஒரு சட்டம் 36க்கு 24 மில்லிமீற்றர். பரப்பளவில் இது அதன் முப்பதில் ஒரு பங்கு. கண் சிறிதாக இருப்பதால்தான் மூக்கை இவ்வளவு நீட்ட முடிகின்றது என்பதையும் சொல்ல வேண்டும். பிலிம் அளவுள்ள சென்சருக்கு அதே வீச்சில் ஒரு வில்லை செய்தால் அதைத் தூக்க இரண்டு பேர் வேண்டும்.

சிறிய கண்ணுக்கு வரும் வியாதிதான் இரைச்சல். ஆங்கிலத்தில் 'நொய்ஸ்' என்பார்கள். படத்தில் சத்தம் ஏது என்று கேட்காதீர்கள். வானொலியில் தூரத்து நிலையத்தைப் பிடிக்கும்போது வருகின்ற கரகரப்பின் உடன்பிறப்பு இது. ஒளி மழைத்துளிபோல ஒழுங்கின்றி விழுகின்றது. ஒரு பிக்சலில் 10,000 ஒளித்துணிக்கைகள் விழுமானால் ஏற்ற இறக்கம் சுமார் 100, அதாவது நூற்றுக்கு ஒன்று. நூறே விழுமானால் ஏற்ற இறக்கம் பத்து, நூற்றுக்குப் பத்து. ஒரே நிறமுள்ள சுவர் படத்தில் பொரிபொரியாகத் தெரிவது இதனால்தான். பொழுது சாய்ந்த பின் ஐ.எஸ்.ஓ. இலக்கத்தைக் கூட்டும்போது கமரா புதிதாக ஒளி எதையும் கொண்டுவருவதில்லை. கிடைத்த சொற்பத்தைப் பெருக்கும்போது கரகரப்பும் சேர்ந்தே பெருகுகின்றது. சூமை முழுதாக நீட்டினால் வில்லையின் வாயும் ஒடுங்கும். பி1000இல் அகன்ற முனையில் எஃப் 2.8, நீண்ட முனையில் எஃப் 8. அதாவது எட்டில் ஒரு பங்கு ஒளி.

இரைச்சலைவிட அதற்குச் செய்யப்படும் வைத்தியமே எனக்கு உவப்பற்றது. பொரிகளை வாங்குபவர் விரும்பமாட்டார் என்று கருதிக் கமராவே படத்தை இழைத்துவிடுகின்றது. பொரியும் புல்லின் நுனியும் அதற்கு ஒன்றுதான். 2006இல் வந்த பனசோனிக் எஃப்.இசட்.50 நல்ல வில்லை கொண்டது. ஆயினும் இந்த இழைப்பு வேலைக்காகவே விமர்சகர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது. தலைமயிர் களிமண்ணாகும். சேலைக்கரை ஈரத் தாளில் பூசிய வர்ணமாகும்.

பத்திரிகையில் இது பல காலம் வெளித்தெரியவில்லை. செய்தித்தாளில் அச்சாகும் படமே அங்குலத்துக்கு 85 அல்லது 100 வரிப் புள்ளிகளால் ஆனது. மூன்று பத்திப் படமென்றால் எந்த இரைச்சலும் அந்தப் புள்ளிக்குள் அடங்கிவிடும். இருட்டறைக் காலத்தில் ட்ரை-எக்ஸ் பிலிமை 1600க்கு இழுத்துக் கழுவுவோம். மணல் கொட்டியதுபோல் வரும். அதைக் குறையென்று எவரும் சொன்னதில்லை. மணலுக்குள் முகம் இருந்தது.

போர் முடிந்த 2009இல், எமது பிராந்திய நிருபர் ஒருவர் சொந்தப் பணத்தில் வாங்கிய சுப்பர்சூமால் முகாமொன்றின் சாப்பாட்டு வரிசையைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். கிட்டே போக அனுமதியில்லை. முட்கம்பி வேலிக்கு வெளியே, பொழுதுபட்ட நேரம். படம் அச்சாகி ஒரு வாரத்தின் பின் அம்மா ஒருவர் பத்திரிகைத் துண்டை மடித்து எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார். பின்வரிசையில் நான்காவதாக நிற்பவர் தமது மகன் என்றார். "ஐயா, இதை ஒருக்காப் பெருப்பிச்சுக் காட்டுங்கோ" என்றார். கணினியில் மூலப்படத்தைத் திறந்து பெருப்பித்தோம். கண், மூக்கு, வாய் என்ற பேதமின்றி வழுவழுப்பான ஒரு பழுப்பு நிறம். பத்திரிகையின் புள்ளிகளுக்குள் அந்தத் தாயின் கண் கண்டுபிடித்த முகம் மூலப்படத்தில் இல்லை. இரைச்சலை அப்படியே விட்டிருந்தால் அடையாளம் தெரிந்திருக்கும் என்று நான் சொல்லவரவில்லை. அவர் பார்த்துத் தாமே முடிவு செய்வதற்கு ஏதாவது எஞ்சியிருக்கும். நிருபரிடம் கேட்டபோது, அந்தக் கமரா ஜேபெக் கோப்பு மட்டுமே தரும், வேறெதுவும் இல்லை என்றார். அம்மா துண்டைத் திரும்ப மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

2006இல் பெய்ரூட் புகைப்படமொன்றில் புகையைக் கூட்டிக் காட்டிய சுயாதீனப் படப்பிடிப்பாளரின் 920 படங்களை ரொய்ட்டர்ஸ் தனது களஞ்சியத்திலிருந்து நீக்கியது. 2015இல் அதே நிறுவனம், கமராவிலேயே ஜேபெக்காகப் பதிவான படங்களை மட்டும் அனுப்புங்கள், 'றோ' கோப்பிலிருந்து செய்தவை வேண்டாம் என்று சுயாதீனப் படப்பிடிப்பாளர்களிடம் சொன்னது. நோக்கம் விளங்குகின்றது. எனினும் சின்னக் கண் கமராவின் ஜேபெக் கைபடாத படமல்ல. எதை வைப்பது, எதை அழிப்பது என்று ஒரு சில்லு ஏற்கெனவே தீர்மானித்துவிட்டது. இன்றைய கைத்தொலைபேசிகள் அழிப்பதோடு நிற்பதுமில்லை. 2023இல் ஒருவர், வேண்டுமென்றே மங்கலாக்கிய சந்திரனின் படத்தைக் கணினித் திரையில் வைத்து சம்சுங் தொலைபேசியால் எடுத்தபோது, அந்த மங்கலில் இல்லாத பள்ளங்கள் படத்தில் தோன்றின. சந்திரனில் பள்ளம் உண்டு என்பதால் யாருக்கும் நட்டமில்லை. சாப்பாட்டு வரிசையில் நிற்கும் முகத்துக்கு அப்படி ஒரு மூக்கை வரைந்து கொடுத்தால்?

இனி, கேட்டவர்களுக்கு. மெகாபிக்சல் கூடினால் நல்லது என்ற நம்பிக்கையைக் கனொன் நிறுவனமே ஒருமுறை கைவிட்டது: 2008இன் ஜி10 14.7 மெகாபிக்சல், அடுத்த ஆண்டின் ஜி11 10 மெகாபிக்சல். சூமில் பேராசை இல்லாவிட்டால், 2013இல் சோனி ஆர்.எக்ஸ்.10 தொடக்கிவைத்த வழியில் வந்த, 13.2க்கு 8.8 மில்லிமீற்றர் சென்சருள்ள கமராவைத் தேடுங்கள். கண் நான்கு மடங்கு பெரிது, விலையும் அப்படித்தான். பழைய கமரா வாங்குபவர்கள் 'றோ' உண்டா என்று முதலில் கேளுங்கள். பி900இல் இல்லை, பி1000இல் உண்டு. பட்டியலில் இரைச்சல் குறைப்பு என்றிருக்கும் இடத்தில் ஆகக் குறைந்ததைத் தெரிவு செய்யுங்கள். பொரி வரும், வரட்டும். வேலி இல்லாத இடமென்றால் சூமை நீட்டுவதற்கு முன் பத்து அடி முன்னே நடந்து பாருங்கள்.