நாலாயிரம் வரியும் நான் படிக்காத ஒரு வரியும்

நம்ம மாமா திருப்பூர்ல சின்னதா பனியன் ஏற்றுமதி பண்றார். "நீதான் கம்ப்யூட்டர் படிச்சிருக்கியே"ன்னு சொல்லி அவர் கம்பெனி மெயில் சர்வரை என் தலையில கட்டி மூணு வருஷமாச்சு. ஆபீஸ்ல புடுங்குற ஆணி பத்தாதுன்னு இது வேற.

சர்வர்ல போஸ்ட்ஃபிக்ஸ், கூடவே லாக்வாட்ச். முந்தின நாள் லாகையெல்லாம் சுருக்கி தினமும் விடிகாலையில ஒரு ரிப்போர்ட் அனுப்பும். சுருக்கம்னு பேருதான்! ஆர்வக்கோளாறுல விவர அளவை 10-ல வச்சிருந்தேன். ஊர்ல இருக்குற பாட் எல்லாம் வந்து பாஸ்வேர்டு போட்டுப் பார்த்துட்டுப் போகும், அத்தனையும் ரிப்போர்ட்ல வரும். தினம் 4,000 வரியை எவன் படிப்பான்? தனி ஃபோல்டருக்குத் தள்ளிவிட்டுட்டு நிம்மதியா இருந்தேன்.

போன வருஷம் ஒரு திங்கட்கிழமை மாமா போன். "ஏங்கண்ணு, பையருக்குப் போடற மெயிலெல்லாம் திரும்பி வருதே?"

பார்த்தா, ஒருத்தரோட பாஸ்வேர்டைக் கண்டுபிடிச்சு சனிக்கிழமையிலிருந்து எவனோ ஸ்பாம் அனுப்பிட்டிருக்கான். நம்ம ஐபி பிளாக்லிஸ்ட்ல. அதைச் சரிபண்ண ரெண்டு நாள். அதுக்குள்ள விலை சொல்ற கெடு முடிஞ்சு ஆர்டர் கைவிட்டுப் போயிடுச்சு. மாமா திட்டலை. "தெனமும் ரிப்போர்ட் வருதுன்னு சொன்னியே கண்ணு, அதுல இது வரலியா?"ன்னு மட்டும் கேட்டார்.

வந்திருந்தது. ஞாயிறு ரிப்போர்ட்ல, லாகின் பண்ணி அனுப்பின மெயில்: வழக்கமா 40, அன்னைக்கு 6,000 சொச்சம். ஒரே ஒரு வரி.

அன்னைக்கு ராத்திரியே உக்காந்தேன். அவசரத்துல இக்னோர் கோப்புல 'வார்னிங்'னு ஒரே வார்த்தையைப் போட்டேன். மறுநாள் ரிப்போர்ட் சின்னதா வந்துச்சு. ஆஹான்னு பார்த்தா, உருப்படியான எச்சரிக்கையும் சேர்ந்து காணாமப் போயிருக்கு! இது சத்தத்தைக் குறைக்கிறது இல்லை சாமி, காதைப் பொத்திக்கிறது.

அப்புறம்தான் ஒழுங்கா யோசிச்சேன். சத்தம் எங்க கிளம்புதோ அங்கயே நிறுத்தணும். 25-ஆம் போர்ட்ல லாகினையே மூடிட்டேன். அது வெளி சர்வர்கள் மெயில் கொண்டுவர்ற வாசல், நம்ம ஆளுங்களுக்கு 587 போதும். 587-ல வந்து முட்டுறவங்களை ஃபெயில்2பேன் பார்த்துக்குது. விவர அளவை 0-க்கு இறக்கினேன். இக்னோர்ல, நான் படிச்சுப் புரிஞ்சுக்கிட்ட வரிகளை மட்டும் முழுசா எழுதினேன். மெயில் க்யூ 100-ஐத் தாண்டினா என் போனுக்கு எஸ்எம்எஸ். மெயில் சர்வர் படுத்துட்டா அதைச் சொல்ற மெயிலும் கூடவே படுத்துக்கும் பாருங்க!

இப்போ ரிப்போர்ட் 25 வரி. காப்பி ஆறுறதுக்குள்ள படிச்சிடலாம்.

போன மாசம் 40 இருக்க வேண்டிய இடத்துல 61. உடனே மாமாவுக்குப் போன் போட்டேன்.

"ஆமா கண்ணு, நேத்து பசங்க புது விலைப்பட்டியல் அனுப்புனாங்க. உனக்கெப்படித் தெரியும்?"

"ரிப்போர்ட்ல வந்துச்சு மாமா."