இன்ஜினை இறக்கும் முன்பு பாயிண்டைப் பாருங்கள்

பசுவந்தனைப் பக்கம் ஒரு மானாவாரி விவசாயியின் வீட்டில் பழைய பெட்ரோல் அம்பாசிடர் நிற்கிறது. 1489 சி.சி. இன்ஜின். ராத்திரியில் யாருக்காவது நெஞ்சுவலி என்றால் கோவில்பட்டிக்குப் போக அந்தத் தெருவுக்கே அதுதான் வண்டி. ஆவணியில் அது இழுக்க மறுத்தது. ரேடியேட்டர் கொதித்தது, சைலன்சரில் வெடித்தது.

"அண்ணாச்சி, இன்ஜினை எறக்கணும்" என்றார் ஒரு மெக்கானிக். அவர் சொன்ன தொகை, உளுந்து விதைக்கும் உரத்துக்கும் எடுத்து வைத்திருந்த பணத்துக்குச் சமம். புரட்டாசி நெருங்கும் நேரத்தில் அதை யார் எடுப்பார்கள்?

பக்கத்து ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்து டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினார். கேமில் உரசும் பைபர் துண்டு கிரீஸ் இல்லாமல் தேய்ந்திருந்தது. அது தேய்ந்தால் பாயிண்ட் இடைவெளி குறையும். பாயிண்ட் தாமதமாகத் திறக்கும். நெருப்புப் பொறியும் பிந்தும். பருவம் தப்பி விதைத்த மாதிரிதான், எரிந்தும் பலன் இல்லை. கொதிப்பும் வெடிப்பும் அதனால் வந்தவை. மாறாக, பொறி முந்தினால் மேட்டில் ஏறும்போது 'டக் டக்' என்று தட்டும், ஹேண்டில் போட்டால் கையைத் திருப்பி அடிக்கும்.

பலர் எடுத்த எடுப்பில் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பிப் பார்க்கிறார்கள். அது வீண் வேலை. இடைவெளியை மாற்றினாலே டைமிங்கும் மாறிவிடும் என்பதால், முதலில் இடைவெளிதான். பெரியவர் புது பாயிண்ட் போட்டு, கேமில் துளி கிரீஸ் தடவி, ஃபில்லர் கேஜ் வைத்து 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் நிறுத்தினார்.

பிறகு பிளக்குகளைக் கழற்றி, கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்டிலால் இன்ஜினைச் சுற்றினார். ரோட்டார் முதல் சிலிண்டர் வயரைப் பார்க்க, புல்லிக் குறி டைமிங் குறியோடு சேர்ந்தது. டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டு வயர் முனைக்கும் இன்ஜின் பாடிக்கும் நடுவே 12 வோல்ட் பல்பு. சாவியைப் போட்டு, கிளாம்பைத் தளர்த்தி, ரோட்டார் சுற்றும் திசைக்கு எதிராக டிஸ்ட்ரிபியூட்டரை மெல்லத் திருப்பினார். பல்பு எரியத் தொடங்கிய இடம்தான் பாயிண்ட் திறக்கும் இடம். அங்கேயே இறுக்கினார். கார்புரேட்டரிலிருந்து வரும் வேக்குவம் குழாயில் வெடிப்பு இருக்கிறதா என்றும் தடவிப் பார்த்தார்.

பாயிண்ட் உள்ள பழைய பெட்ரோல் வண்டிக்குத்தான் இது. டீசல் அம்பாசிடரில் பாயிண்டும் இல்லை, பொறியும் இல்லை.

ஓட்டிப் பார்த்தபோது மேட்டில் லேசாகத் தட்டியது. ஒரு நூல் பின்னுக்குத் திருப்பியதும் நின்றது. பாயிண்ட் செட் வாங்கிய காசு போக, விதைப்பணம் அப்படியே இருந்தது. ரேடியேட்டர் மூடி வாஷர்தான் இன்னும் மாற்ற வேண்டும்.