பயிரைச் சாய்த்தால் மதிப்பெண் போச்சு!

ஜெர்மனியின் மாக்டெபர்க் நகருக்குத் தெற்கே, சாலே ஆற்றங்கரையில் இருக்கிறது பெர்ன்புர்க். அதை ஒட்டிய ஸ்ட்ரென்ஸ்ஃபெல்டு முழுக்கக் கறுப்பு மண். ஹார்ஸ் மலை மறிப்பதால் மழை குறைவுதான். ஆனால், மண் ஈரத்தை விடாமல் பிடித்து வைத்திருக்கும். நம் கரிசல் வேறு வகை என்றாலும், கோவில்பட்டிக்காரர் ஒருவர் அங்கே போய் நின்றால் ஊர் ஞாபகம் வந்துவிடும்.

அங்கு நடந்த வேளாண் கண்காட்சியோடு சேர்த்து 2014, 2018-ம் ஆண்டுகளில் கல்லூரி மாணவர்களுக்கான வயல் ரோபோ போட்டியும் நடந்தது. நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகம் 2003-ல் தொடங்கிய போட்டி இது. ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வோர் ஊரில் நடக்கும். களம் என்பது நிஜ மக்காச்சோள வயல்தான். வரிசைக்கு வரிசை 75 செ.மீ., அதாவது இரண்டரை அடி. மாணவர்கள் செய்த சின்ன வண்டி, மூன்று நிமிடத்தில் வரிசைகளுக்கு நடுவே எவ்வளவு தூரம் தானாகவே ஓடுகிறது என்று பார்க்கிறார்கள்.

என்னைக் கேட்டால், வண்டிகளைவிட விதிகள்தான் சுவாரஸ்யம். ரிமோட்டைத் தொடக்கூடாது. வழி தவறிய வண்டியைக் கையால் நேராக்கினால் மதிப்பெண் குறையும். செடியைச் சேதப்படுத்தினாலும் குறையும். அதற்காக நடுவர்கள் சேதமான செடிகளைக் கணக்கெடுக்கிறார்கள். பவர் வீடர் ஓட்டியவருக்குக் கூலி கொடுக்குமுன் நாம் வரிசை வரிசையாக நடந்து பார்ப்போமே, அதே வேலைதான்!

சில இடங்களில் வேண்டுமென்றே செடி இல்லாமல் விட்டிருப்பார்கள். முளைக்காத இடம் இல்லாத வயல் எங்கே இருக்கிறது? இடைவெளியைப் பார்த்ததும் வரிசை முடிந்துவிட்டது என்று திரும்பும் வண்டி, அங்கேயே மாட்டிக்கொள்ளும். ஓட்டம் தொடங்குமுன் எல்லா வண்டிகளையும் ஓரிடத்தில் நிறுத்திவிட வேண்டும் என்பது இன்னொரு விதி. முன்னால் ஓடியவர் தடுமாறியதைப் பார்த்து, பின்னால் வருபவர் தன் வண்டியின் புரோகிராமை மாற்றிவிடக் கூடாதே!

வேகத்துக்கு மட்டும் பரிசு என்றால், பயிரை மிதித்துக்கொண்டு ஓடும் வண்டியைத்தான் மாணவர்கள் செய்வார்கள். அதனால் இந்த நடுவர்களின் கண்டிப்பு நமக்கும் சம்பந்தப்பட்டது. களையெடுக்கும் ரோபோவை நாளை யாராவது உங்கள் ஊரில் ஓட்டிக் காட்டினால், எத்தனை நிமிடத்தில் முடித்தது என்பதோடு எத்தனை செடி சாய்ந்தது என்றும் எண்ணுங்கள். இன்னொன்று... நம்மூரில் மக்காச்சோளத்துக்கு 60 செ.மீ. இடைவெளிதான் பரிந்துரை. இரண்டரை அடியில் ஓடிப் பழகிய வண்டி, அதற்குள் நுழையுமா என்று முதலில் அளந்து பாருங்கள்.