வெள்ளிமலையில் ஒரு பாறை

ரயில் ஏறியதும் நம் முன்னோர்கள் முதலில் தேடியது ஜன்னலோரத்து இடம். அடுத்தபடியாகக் கூஜாவை வைக்க ஓர் இடம். இக்காலத்துப் பிரயாணி முதலில் தேடுவது சார்ஜ் போடும் பிளக்கை. அது கைக்கெட்டும் தூரத்தில் இருந்துவிட்டால், வைகுண்டத்தில் இடம் கிடைத்த திருப்தியுடன் உட்காருகிறான். நாமும் அவ்விதமே ஒரு சனிக்கிழமை இரவு டில்லியில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறி, மடிக்கணினிப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். சென்னைக்கு ஏறக்குறைய 2,180 கிலோமீட்டர். இரண்டு இரவும் ஒரு பகலும் பிரயாணம். அதன் பிறகு எழும்பூரில் சேலம் வண்டி பிடித்துச் சின்னசேலத்தில் இறங்கிக் கல்வராயன் மலைமேல் இருக்கும் வெள்ளிமலைக்குப் போக வேண்டும். அங்கே பள்ளி ஆசிரியராக இருக்கும் நம் நண்பர் ஒருவர் வெகுநாளாக அழைத்துக்கொண்டிருந்தார்.

வண்டி புறப்படச் சில நிமிஷங்கள் இருக்கும்போது அந்த நண்பரே கைபேசியில் கூப்பிட்டார். அவருடைய மாணவி ஒருத்தி பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க்கு வாங்கித் தேறியிருக்கிறாள். மேற்படிப்புக்கான உதவித்தொகைக்கு மனுப் போட வேண்டும். ஜாதிச் சான்றிதழ் அன்று மாலைதான் கைக்கு வந்தது. மனுவுக்குக் கடைசி நேரம் மறுநாள் மாலை ஐந்து மணி. மறுநாளோ ஞாயிற்றுக்கிழமை, கள்ளக்குறிச்சியில் அவருக்குத் தெரிந்த கணினிக் கடைகளெல்லாம் அடைப்பு. கைபேசியில் அந்தப் படிவம் திறக்க மறுத்தது. நண்பரிடம் கணினி கிடையாது.

"உங்களிடம் கணினி இருக்கிறதே!" என்றார்.

"இருக்கிறது. ஆனால் நான் ரயிலில் அல்லவா இருக்கிறேன்?" என்றோம்.

"ரயிலானால் என்ன? ஓடுகிற இடத்திலிருந்து ஓடாத இடத்துக்குத்தானே அனுப்பப் போகிறீர்கள்?" என்று அவர் தர்க்கம் பேசினார். சான்றிதழ்களின் படங்களும் வந்து சேர்ந்தன. வண்டி நகர்ந்தது.

இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. மனுவை முடிக்கும் தறுவாயில், பெண்ணின் தகப்பனாருடைய கைபேசிக்கு ஆறு இலக்க ரகசிய எண் ஒன்று வரும். பத்து நிமிஷத்துக்குள் அதைக் கணினியில் பதிய வேண்டும். அந்தக் கைபேசி இருப்பதோ வெள்ளிமலையையும் தாண்டி ஒரு சிற்றூரில். அங்கே வீட்டுக்குள் சிக்னல் எட்டாது. மலைப் பாதையின் வளைவில் உள்ள ஒரு பாறைமேல் ஏறி நின்றால்தான் எட்டும். "பகல் ஒரு மணிக்குப் பாறைக்கு வந்துவிடு" என்று அந்தப் பெண்ணுக்கு நண்பர் செய்தி அனுப்பினார். எப்படித் தெரியுமோ? மலைக்குப் போகும் கடைசி பஸ்ஸின் கண்டக்டரிடம் வாய்மொழியாகச் சொல்லி அனுப்பினார்!

*

இரவு பதினொரு மணிக்குமேல் காலை ஐந்து மணி வரையில் ரயில் பெட்டிகளில் சார்ஜ் போடும் பிளக்குகளுக்கு மின்சாரத்தை நிறுத்தி வைக்கும் வழக்கம், தீ விபத்துக்கு அஞ்சி, 2021 முதல் பல வண்டிகளில் கடுமையாக அநுசரிக்கப்படுகிறது. ஆகையால் அதற்கு முன்பே கணினிக்கு வயிறு நிறையப் போட்டுவிட்டோம். நமது ரயில் பெட்டிகள் பலவற்றில் வரும் மின்சாரம் 110 வோல்ட். வீட்டில் வருவதில் பாதிக்கும் குறைவு. அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. சார்ஜரின் முதுகில் 100 முதல் 240 வரை என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தால் அது இரண்டையும் ஜீரணித்துக்கொள்ளும்.

பொழுது விடிந்து போபாலைத் தாண்டியதும் வேலையை ஆரம்பித்தோம். கைபேசியின் இணைப்பைக் கணினிக்குக் கடன் கொடுத்து, படிவத்தைத் திறந்து, பெயர், பிறந்த தேதி, மார்க்குகள் எல்லாவற்றையும் நிரப்பினோம். இடார்ஸிக்கு அப்பால் சாத்பூரா மலைத்தொடர் குறுக்கிட்டது. காடு, கணவாய், சுரங்கப் பாதை, மறுபடியும் காடு. கைபேசியில் இருந்த கோடுகள் ஒவ்வொன்றாக விடைபெற்றுக்கொண்டன.

ரயிலில் இணைப்பு அறுந்து போவதற்குக் காரணம் பல உண்டு. ஒவ்வொரு கோபுரமும் சில கிலோமீட்டர் வட்டாரத்துக்குத்தான் பொறுப்பு. வண்டி ஓட ஓட, ஒரு கோபுரம் நம்மை அடுத்த கோபுரத்தின் கையில் ஒப்படைக்க வேண்டும். ஒரு வண்டியில் ஆயிரம் பேருக்கு மேல் இருந்தால், ஆயிரம் கைபேசிகளும் ஏககாலத்தில் அடுத்த கோபுரத்தின் வாசலில் போய் நெருக்குகின்றன. போதாக்குறைக்கு இரும்புப் பெட்டியும், குளிர்சாதன வண்டியின் பூச்சுக் கண்ணாடியும் அலைகளைத் தடுக்கின்றன. காட்டிலும் சுரங்கத்திலும் கோபுரமே இல்லை.

இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், 2000-ஆம் ஆண்டில் ஸ்தாபிக்கப்பட்ட ரெயில்டெல் என்னும் அரசாங்கக் கம்பெனி, தண்டவாளத்தை ஒட்டியே 60,000 கிலோமீட்டருக்கு மேல் கண்ணாடி இழைக் கம்பி போட்டிருக்கிறது. செய்திகளெல்லாம் நம் காலடியிலேயே மின்னல் வேகத்தில் ஓடுகின்றன; நமக்குத்தான் எட்டவில்லை. ஸ்டேஷன்களில் மட்டும் அதன் பயன் நமக்குக் கிடைக்கிறது. 2016 ஜனவரியில் மும்பை சென்ட்ரலில் கூகிள் கம்பெனியின் கூட்டுறவுடன் இலவச வைஃபை ஆரம்பமாயிற்று. 2018 ஜூனில் நானூறாவது ஸ்டேஷனாக அஸ்ஸாமிலுள்ள திப்ருகட் சேர்ந்தது. கன்னியாகுமரியிலிருந்து 4,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் விவேக் எக்ஸ்பிரஸின் கடைசி ஸ்டேஷன் அதுதான். பிறகு கூகிள் விலகிக்கொண்டது. ரெயில்டெல் தொடர்ந்து நடத்தி, ஆறாயிரத்துக்கு மேற்பட்ட ஸ்டேஷன்களுக்கு அதை விஸ்தரித்தது. ஓடும் வண்டிக்குள் வைஃபை தரும் முயற்சி ஹௌரா ராஜதானியில் 2013-இல் நடந்தது. செலவுக்கேற்ற பயன் இல்லையென்று அதைக் கைவிட்டதாக 2021-இல் பார்லிமெண்டில் தெரிவித்தார்கள்.

ஆகவே நெடும் பிரயாணத்தில் கணினியை நம்புகிறவர்கள் இரண்டு விஷயங்களை நினைவில் வைக்க வேண்டும். இணைப்பு வேண்டாத வேலைகளைக் காட்டுக்கும் சுரங்கத்துக்கும் ஒதுக்க வேண்டும். இணைப்பு வேண்டிய வேலைகளை ஸ்டேஷனுக்கு ஒதுக்க வேண்டும். படிவத்தில் சேர்க்கவேண்டிய படங்கள் அளவில் பெரியவையாக இருந்தன. அவற்றைச் சுருக்கும் வேலையைச் சாத்பூரா மலையில் முடித்தோம். மகாத்மா காந்தி மூன்றாம் வகுப்பு வண்டியின் குலுக்கலிலும் கூட்டத்திலும் கடிதங்கள் எழுதினார். அவருக்கு ஸ்டேஷனில் ஒரு தபால் பெட்டி இருந்தால் போதும். நமக்கோ மறுமுனையில் ஒரு பெண் பாறைமேல் நிற்கவும் வேண்டியிருந்தது.

*

பகல் ஒரு மணி சுமாருக்கு நாக்பூர். பிளாட்பாரத்தில் ஆரஞ்சுப் பழம் கூவி விற்றார்கள். நாம் பழத்தைப் பார்க்கவில்லை. ரகசிய எண்ணை வேண்டிப் பொத்தானை அழுத்திவிட்டுப் பாறைக்குப் போன் செய்தோம்.

"ஸார், நான் பாறைமேலதான் இருக்கேனுங்க. இன்னும் நம்பர் வரலீங்க" என்றது ஒரு மெல்லிய குரல். எட்டு நிமிஷம் கழித்து, "வந்திடுச்சுங்க! ஏழு... நாலு..." என்றது. அவ்வளவுதான், பேச்சு அறுந்தது. மறுபடி கிடைத்தபோது எண் காலாவதியாகியிருந்தது. வண்டி புறப்பட்டுவிட்டது. வழியில் இன்னும் ஒரு முறை முயன்றோம், அதுவும் வீணாயிற்று. இனி ஒரு முறை தவறினால் 24 மணி நேரத்துக்குக் கதவு சாத்தப்படும் என்று கணினித் திரையில் சிவப்பு எழுத்தில் ஓர் எச்சரிக்கை தோன்றியது.

இன்னும் 24 மணி நேரம் என்றால் ஒரு வருஷம் என்று அர்த்தம். ஒரு வருஷம் என்றால், மலைக் கிராமத்துப் பெண்ணுக்குப் படிப்பு முடிந்து கல்யாணப் பேச்சு ஆரம்பமாகும் என்று அர்த்தம். மடியில் இருந்த கணினி திடீரென்று மிகவும் கனத்தது.

எதிரே உட்கார்ந்திருந்த ராணுவ வீரர் ஒருவர், வாரங்கலுக்கு விடுமுறையில் போகிறவர், விஷயத்தை விசாரித்தார். தமது கைபேசியை நீட்டினார். "இது வேறு கம்பெனி. ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கும். கணினிக்கு என்னுடையது, பேச்சுக்கு உங்களுடையது" என்றார் ஹிந்தியில். எல்லைப்புறத்தில் இருந்தவருக்கு இந்தத் தந்திரம் தெரியாமல் இருக்குமா?

நான்கு மணிக்குப் பல்ஹார்ஷா. வண்டி நின்ற பிறகே பொத்தானை அழுத்தினோம். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். தொலைவிலிருந்து ஆறு எண்களும் நிதானமாக வந்தன. பதிந்தோம். திரை ஒரு சுற்றுச் சுற்றி, 'மனு ஏற்கப்பட்டது' என்று காட்டியது. ராணுவ வீரர் கை தட்டினார்.

அந்தக் குரல் மட்டும் எண்களை இரண்டாம் முறையாகச் சொல்லிக்கொண்டே இருந்தது. "போதும் அம்மா, முடிந்துவிட்டது" என்றோம். சற்று நேரம் மௌனம். பிறகு, "அப்ப நான் வீட்டுக்குப் போகலாங்களா, ஸார்?" என்றாள். பகல் பன்னிரண்டு மணியிலிருந்து அவள் அந்தப் பாறையை விட்டு இறங்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

*

செவ்வாய்க்கிழமை விடிவதற்கு முன் சின்னசேலத்தில் இறங்கினோம். கள்ளக்குறிச்சியில் நண்பர் காத்திருந்தார். 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்த ஜில்லாவுக்கு இதுதான் தலைநகரம். கச்சிராயபாளையத்தையும் கோமுகி அணையையும் கடந்து பஸ் மலை ஏறியது. கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி; சின்னக் கல்வராயன் சுமார் 2,700 அடி, பெரிய கல்வராயன் சுமார் 4,000 அடி உயரம். மரவள்ளிக் கொல்லைகளும், சாமை விளையும் சரிவுகளும், மேகம், பெரியார் முதலிய அருவிகளும் கண்ணுக்கு விருந்து. இங்கு வாழும் பழங்குடியினருக்கு மலையாளி என்று பெயர். கேரள தேசத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்பவர் என்பதே பொருள். காஞ்சியிலிருந்து வந்ததாகத் தங்கள் பூர்விகக் கதையைச் சொல்லுகிறார்கள். மூன்று ஜாகீர்தார்களின் வசத்தில் இருந்த இம்மலை, தேசம் சுதந்திரம் அடைந்து ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 1976-இல்தான் அரசாங்கத்தின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது. சுதந்திரமே இங்கு மலை ஏறிவர அவ்வளவு காலம் பிடித்தது என்றால், கைபேசி அலைகளைக் குறை கூறி என்ன பயன்?

கோபுரம் எட்டாத 24,680 கிராமங்களுக்கு நான்காம் தலைமுறை இணைப்புத் தருவதென்று மத்திய மந்திரி சபை 2022 ஜூலையில் ரூ. 26,316 கோடியில் ஒரு திட்டத்தை அங்கீகரித்தது. ராஜதானியில் அங்கீகரித்தது ஒவ்வொரு மலை வளைவுக்கும் வந்து சேர வேண்டும்.

வெள்ளிமலையைத் தாண்டி ஒரு வளைவில், "சிக்னல் பாறை! இறங்குங்க" என்றார் கண்டக்டர். செய்தி சுமந்து சென்ற அதே கண்டக்டர்தான். யானை படுத்தாற்போன்ற கரும்பாறை. அதன்மேல் சுண்ணாம்புக் கல்லால் எண்களாக எழுதியிருந்தது. சில அழிந்தவை, சில புதியவை. ஒரு மூலையில் 'ஏழு, நாலு' என்று தொடங்கும் ஆறு எண்கள்; அவற்றைக் குறுக்கே கோடிழுத்து அடித்திருந்தது. அதன் கீழே வேறு ஆறு எண்கள், அதையும் அடித்திருந்தது. அதற்கும் கீழே மூன்றாவது வரிசை. அது மட்டும் அடிபடவில்லை. பேச்சு அறுந்தாலும் எண் மறந்துபோகாமல் இருக்கட்டும் என்று அவள் எழுதி வைத்துக்கொண்டாளாம்.

ஒரே ஒரு பகல் ரயிலில் இணைப்பு விட்டுப்போனதற்கு நாம் எவ்வளவு அலுத்துக்கொண்டோம்! ரயில் மறுநாள் ஊர் போய்ச் சேர்ந்துவிடும். இந்தப் பாறைக்குத் தினந்தோறும் நடந்து வருகிறவர்கள் எந்த ஸ்டேஷனில் இறங்குவார்கள்?

அந்தப் பெண்ணின் வீட்டில் கேப்பைக் கூழ் கொடுத்து உபசரித்தார்கள். மனுவின் முடிவு தெரிய இன்னும் மூன்று வாரம் ஆகும். தெரிந்ததும் முதலில் அவளிடம் சொல்ல வேண்டும். அதற்காகக் கண்டக்டரிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறோம்.