பொன்முடிப் பாதையில் ஒரு குட்டைத் தெற்றி

விடுமுறைக்குக் குடும்பமாய்ச் சொந்த ஊருக்குப் போகிற உங்களில் பலர் நாகர்கோவில், மார்த்தாண்டம் வழியாகத் திருவனந்தபுரம் வரை சென்று உறவினரைக் கண்டு திரும்புகிறவர்கள். அடுத்த முறை அந்தப் பிரயாணத்தோடு இன்னும் ஒரு நாளைக் கூட்டிக்கொள்ளுங்கள். திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா, கல்லாறு வழியாய் ஏறக்குறைய 60 கிலோமீட்டர் சென்றால் பொன்முடி. கல்லாற்றைக் கடந்தபின் 22 கொண்டை ஊசி வளைவுகள். மேலே ஏறியபின் நீங்கள் நிற்பது கடல்மட்டத்துக்குச் சுமார் 1,100 மீட்டர் உயரத்தில். அடைமழைக் காலத்தில் மண்சரிவினால் பாதை அடைக்கப்படுவதுண்டு. ஆகையால் முன்கூட்டியே விசாரித்துப் புறப்படுவது நலம்.

பொன்முடியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மூடுபனியையும் தேயிலைத் தோட்டத்தையும் வர்ணித்து முடித்துவிடுகிறார்கள். நீங்கள் சற்றுக் குனிந்து பாருங்கள். அடிவாரத்தில் வானளாவ நின்ற மரங்கள் வளைவுக்கு வளைவு குறுகி, உச்சியில் புல்வெளியும் முழங்கால் உயரப் புதர்களுமாய் மாறியிருக்கும். அவற்றில் ஊதா நிறத்தில் ஐந்து இதழ் விரித்து நிற்பதை மலையாளிகள் அதிராணி என்பார்கள். அதன் கனியைத் தின்ற பிள்ளையின் வாய் கறுத்துப்போகும். அதன் இலத்தீன் பெயராகிய மெலஸ்டோமாவுக்குக் கிரேக்க மொழியில் ‘கறுத்த வாய்’ என்பதே பொருள்.

இந்தப் புதர்கள் ஏன் இவ்வளவு குட்டை? ஓயாத காற்றும், பாறைமேல் படிந்த மெல்லிய மண்ணுமே பெரும்பாலும் காரணம். அப்படியானால் மலையுச்சியின் குட்டைச் செடியைச் சமவெளியில் நட்டால் வளருமா? இதை உண்மையாகவே சோதித்துப் பார்த்தவர்கள் உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் கிளாசன், கெக், ஹீசி என்னும் மூவர் 1930களிலும் 40களிலும் ஒரே இனச் செடிகளைக் கடலோரத் தாழ்நிலம், நடுமலை, 3,000 மீட்டருக்கும் மேலான உச்சி ஆகிய மூன்று இடங்களிலும் நட்டு வளர்த்தார்கள். இடத்துக்கு ஏற்பச் செடிகளின் உயரம் மாறியது மெய்தான். ஆனாலும் உயர்மலையிலிருந்து வந்த சில செடிகள் தாழ்நிலத்தில் சகல வசதியும் கிடைத்தும் குட்டையாகவே நின்றன. ஆகவே குட்டை இருவகை: ஒன்று இடத்தினால் வந்தது, மற்றொன்று வித்திலேயே இருப்பது. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மலையிறங்கியபின் உங்கள் பணத்தைக் காப்பாற்றப் போவது இதுதான்.

திரும்பும் வழியில் நாற்றுப்பண்ணைகளில் நிச்சயம் கண்ணில் படுவது குட்டைத் தெற்றி. தெற்றி என்றதும் குமரி மாவட்டத்தாருக்கு விளங்கிவிடும். சென்னையில் அதை இட்லிப்பூ என்பார்கள். சங்கப் புலவர்கள் வெட்சி என்றார்கள். ஆநிரை கவரப் போகும் மறவர் சூடிய பூ, கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய 99 பூக்களில் ஒன்று. மலையாளத்தில் செத்தி, தெச்சி. கொச்சியில் ஆட்சி செய்த டச்சுக்காரர் வான் ரீடு, இட்டி அச்சுதன் முதலிய உள்ளூர் வைத்தியர்களின் துணையோடு 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளியிட்ட ‘ஹோர்த்துஸ் மலபாரிக்கஸ்’ நூலில் இந்தச் செடியும் இடம்பெற்றது. அந்த இலத்தீன் நூலை ஆங்கிலத்துக்கும் மலையாளத்துக்கும் கொண்டுவர ஏறத்தாழ வாழ்நாள் முழுவதையும் செலவிட்டவர் பேராசிரியர் கே.எஸ். மணிலால். ஆங்கிலப் பதிப்பு 2003இல் வெளிவந்தது. 2025 ஜனவரி முதல் நாள் அவர் காலமானார். அவருடைய பெயரை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

ஊர்த் தெற்றி ஆள் உயரத்துக்கும் மேலே வளரும். அதன் கறுஞ்சிவப்புப் பழத்தைத் தின்று, பூக்காம்பின் தேனை உறிஞ்சி வளர்ந்த தலைமுறை நம்முடையது. தேங்காய் எண்ணெயில் அந்தப் பூவைக் காய்ச்சிக் குழந்தைக்குத் தேய்த்த பாட்டிமார் இன்றும் இருக்கிறார்கள். நகரத்தில் இரண்டு அறை வீட்டில் குடியேறிய குடும்பம் அந்த வேலிச் செடியை எங்கே வைக்கும்? அந்தக் கேள்விக்கு விடையாக வந்தது போலிருக்கிறது, ‘தைவான் குட்டை’ என்று விற்கப்படும் வகை. சிறிய இலை, நெருங்கிய கணுக்கள், இரண்டு மூன்று அடி உயரம், கொத்துக் கொத்தாய்ப் பூ. பன்னிரண்டு அங்குலத் தொட்டி அதற்குப் போதும்.

செடியின் தண்டை நீட்டுவது ஜிப்ரலின் என்னும் ஊக்கிப் பொருள். அது குறைந்தாலோ, அதன் வேலை தடைபட்டாலோ கணுவுக்குக் கணு இடைவெளி சுருங்கிவிடும். 1966இல் வெளியான ஐ.ஆர்.8 நெல் சாயாமல் நின்றதன் இரகசியமும் இதுவே. வயல்காட்டிலிருந்து வந்த வாசகர்களுக்கு அந்த நெல்லை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் இந்த ஊக்கியை மருந்தினாலும் தடுக்கலாம். பாக்லோபியூட்ரசால் என்னும் மருந்தைத் தொட்டியில் ஊற்றினால் உயரச் செடியும் சில மாதங்கள் குட்டையாய் நிற்கும். மருந்தின் வலு தீர்ந்ததும் ஒரே பருவத்தில் கிளைகள் நீண்டு பழைய உருவத்தைக் காட்டிவிடும். மலையுச்சியின் காற்று செய்த வேலையை இங்கே ஒரு புட்டி செய்கிறது, அவ்வளவே.

ஆகையால் ‘புதிய குட்டை வகை’ என்று எவரேனும் இரட்டிப்பு விலை சொன்னால், அதே வகையின் இரண்டு மூன்று வயதுத் தாய்ச்செடியைக் காட்டும்படி கேளுங்கள். இலையே சிறிதாயிருப்பது நல்ல அடையாளம். பெரிய இலை, திடீரென நெருங்கிய நுனிக் கணுக்கள் என்றால் சந்தேகப்படுங்கள். விதையில் முளைத்தது தாயைப் போலவே வரும் என்ற உறுதி இல்லை. கிளை வெட்டி வேர் பிடித்த பதியனையே வாங்குங்கள். நம் நாட்டில் 2001ஆம் ஆண்டுப் பயிர் இரகப் பாதுகாப்புச் சட்டத்தின்படி புதிய இரகமாய்ப் பதிவாக வேண்டுமானால், அது மற்றவற்றினின்று வேறுபட்டும், செடிக்குச் செடி ஒத்தும், தலைமுறைதோறும் மாறாமலும் இருக்க வேண்டும். கடையில் ஒட்டிய சீட்டில் ‘புதியது’ என்றிருப்பது அந்தப் பதிவு ஆகாது.

மலையிலுள்ள செடி எதையும் பிடுங்கிவர எண்ண வேண்டாம். அது வனச் சட்டப்படி குற்றம். வளருமோ என்றால், அதுவும் சந்தேகமே. பொன்முடியின் பெயரையே தாங்கிய ஒரு சிறு புதர்த்தவளை 2005இல்தான் அறிவியலுக்கு அறிமுகமாயிற்று. ஒரு புதரை நாம் பெயர்க்கும்போது அதற்குள் இன்னும் எவை குடியிருக்கின்றன என்று யாருக்குத் தெரியும்? செடிகளைக் கண்டு மகிழ விரும்புவோர், பாலோட்டில் 1979இல் நிறுவப்பட்ட ஜவஹர்லால் நேரு வெப்பமண்டலத் தாவரத் தோட்டத்தையும் இதே பிரயாணத்தில் சேர்த்துக்கொள்ளலாம். அனுமதி நேரத்தை விசாரித்துச் செல்லுங்கள்.

இனி, செடியை நகரத்துக்குக் கொண்டுவருகிறவர்களுக்கு. கேரளத்துச் செம்மண் புளிப்புத் தன்மையுள்ளது. தெற்றிக்கு அதுதான் பிடித்தம். ஆழ்துளைக் கிணற்று உப்புநீரை ஊற்றி ஊற்றி மண் காரமானால், செடியால் இரும்புச் சத்தை எடுத்துக்கொள்ள இயலாது. அப்பொழுது இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாய் நிற்க, மற்ற இடமெல்லாம் மஞ்சளாகும். பலர் இதைத் தண்ணீர்க் குறைவென்று எண்ணி அதே நீரை இன்னும் அதிகமாய் ஊற்றுகிறார்கள். மழைநீரைப் பிடித்து வைத்து ஊற்றுங்கள். மட்கிய தொழு உரம் சேருங்கள். தேவையானால் உரக்கடையில் கிலேட் செய்த இரும்புச் சத்து என்று கேட்டு வாங்கி, அளவறிந்து இடுங்கள். புதிதாய்ப் பூசிய சிமெண்டுச் சுவரடியில் மண்ணில் நடவேண்டாம். சுண்ணாம்பு கசிந்து அதே கேட்டைச் செய்யும். நாளுக்கு நான்கைந்து மணி நேர வெயில் இல்லாத மாடத்தில் இலைதான் மிஞ்சும். கிளை நுனியில் பூப்பதால் ஓயாமல் கத்தரிக்கக் கூடாது. ஒரு சுற்றுப் பூத்து ஓய்ந்தபின் வெட்டுங்கள்.

இரயிலில் கொண்டுவரும்போது வேர்மண்ணைச் சற்றே ஈரமாக்கி, ஈரச் சாக்கினால் சுற்றிக் கட்டுங்கள். வீடு சேர்ந்ததும் ஒரு வாரம் நிழலில் வைத்துவிட்டு, பிறகு காலை வெயிலுக்கு நகர்த்துங்கள்.