கொட்டிவிடாத கைகளுக்கு

மதிப்பிற்குரிய கொய்ச்சி தனாகா ஐயா அவர்களுக்கு,

நான் ஒரு மருத்துவமனையின் நுண்ணுயிரியல் லேபில் டெக்னீஷியன். உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்பது நெடுநாள் ஆசை.

1985 பிப்ரவரி. மின்பொறியியல் படித்துவிட்டு, கியோட்டோவின் ஷிமாட்சு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு ஆண்டுகூட ஆகாத இளைஞர் நீங்கள். பெரிய மூலக்கூறை எடைபோட வேண்டுமென்றால் அதை மின்னூட்டம் பெற்ற ஆவியாக்கிப் பறக்கவிட வேண்டும். லேசர் பட்டாலோ அது சிதறிவிடும். அதுதான் சிக்கல். அன்று கோபால்ட் நுண்தூளில் அசிட்டோனுக்குப் பதிலாகக் கிளிசரினைக் கலந்துவிட்டீர்கள். தூளோ விலை கூடியது. வீணாக்க மனம் வரவில்லை. அப்படியே கருவிக்குள் வைத்தீர்கள். கிளிசரின் சீக்கிரம் காயட்டும் என்று லேசரை விடாமல் அடித்துக்கொண்டே திரையிலும் கண் வைத்திருந்தீர்கள். அதனால்தான் வைட்டமின் பி12 உடையாமல் முழுசாக எழும்பியது உங்கள் கண்ணில் பட்டது.

கலவை பிசகினால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்க வேண்டும் என்பது எங்களுக்குச் சொல்லித்தந்த ஒழுங்கு. நோயாளியின் சாம்பிளைப் பொறுத்தவரை அதுதான் சரி. ஆனால் பிசகிய கலவையையும் திரையில் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியதே, அந்த மனத்துக்குத்தான் முதல் நன்றி. 1987-க்குள் 25,717 எடையுள்ள கைமோட்ரிப்சினோஜன் என்ற புரதத்தையே முழுசாகப் பறக்கவிட்டுவிட்டீர்கள். 2002-இல் நோபல் பரிசு அறிவித்த அன்று, கம்பெனி வேலையுடுப்பிலேயே செய்தியாளர்கள் முன் வந்து நின்றீர்கள். அந்தப் படத்தை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சலிப்பதில்லை.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. புரதங்களை எடைபோட்டுக் கிருமியின் பெயரைச் சொல்லும் எங்கள் லேப் கருவியில் கோபால்டும் இல்லை, கிளிசரினும் இல்லை. நாங்கள் ஊற்றும் கரிம அமிலக் கரைசல், ஜெர்மனியில் ஹில்லன்காம்பும் காராஸும் போட்ட பாதையில் வந்தது. அவர்களுக்கும் என் நன்றி உண்டு.

எங்கள் வேலையைச் சொல்கிறேன். முன்பெல்லாம் பிளேட்டில் கிருமியின் காலனி வளர்ந்த பிறகும், சிட்ரேட், யூரியேஸ், இண்டோல் என்று சோதனைகளை வரிசையாகப் போட்டு மறுநாள் நிறம் மாறும்வரை காத்திருப்போம். இப்போது அதே காலனியைப் பல்குச்சி நுனியால் தொட்டு உலோகத் தட்டில் தடவுகிறேன். ஒரு மைக்ரோலிட்டர் கரைசல் விட்டுக் காயவைத்துக் கருவிக்குள் தள்ளுகிறேன். லேசர் பட்டதும் வெற்றிடக் குழாயில் எடை குறைந்த புரதம் முந்தி ஓடுகிறது, கனமானது பிந்தி வருகிறது. பெரும்பாலும் கிருமியின் ரைபோசோம் புரதங்கள். அவை வந்துசேரும் வரிசையே கிருமியின் கைரேகை. சில நிமிடங்களில் பெயர் வந்துவிடுகிறது.

கேண்டிடா ஆரிஸை நினைத்துத்தான் முக்கியமாக எழுதுகிறேன். 2009-இல் உங்கள் நாட்டு நோயாளி ஒருவரின் காதிலிருந்து எடுத்து முதன்முதலில் விவரிக்கப்பட்ட பூஞ்சை. ஃப்ளூகோனசோல் மருந்துக்குப் பெரும்பாலும் மசியாது. கட்டிலிலும் கைப்பிடியிலும் ஒட்டிக்கொண்டு அடுத்த நோயாளிக்குத் தாவும். பழைய சோதனைகள் அதை கேண்டிடா ஹீமுலோனி என்ற வேறு பூஞ்சையாக மாற்றிச் சொல்லிவிடும். கருவியின் தரவுத்தொகுப்பில் அதன் கைரேகை ஏறியிருந்தால் இப்போது அது தப்ப முடியாது. பெயர் தெரிந்த அந்த நிமிடமே வார்டுக்கு போன் போட்டு, நோயாளியைத் தனி அறைக்கு மாற்றச் சொல்கிறோம். பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கு இதெல்லாம் தெரியாது. அவர் சார்பிலும் நன்றி, ஐயா.

எல்லாம் தீர்ந்துவிடவில்லை. ஷிகெல்லாவையும் ஈ.கோலையையும் பிரித்துச் சொல்லக் கருவி இன்னும் திணறுகிறது. எந்த மருந்து கேட்கும் என்பதற்கு இன்னொரு நாள் காத்திருக்கத்தான் வேண்டும். அந்தப் பழைய பிளேட்டுகளை நாங்கள் இன்னும் கைவிடவில்லை.

நீங்கள் இதைப் படிப்பீர்களா என்று தெரியாது. ஐ.சி.யு.விலிருந்து வந்த ரத்த பாட்டில் ஒன்றுக்கு, கிருமி வளர்வதைக் காட்டும் இன்னொரு கருவி மணி அடிக்கிறது. போய் எடுக்க வேண்டும்.


ஒரு லேப் டெக்னீஷியன்